ஒரு குறிக்கு இரண்டு வேலை

கணக்குப் போடுவது ஒரு வித்தை. போட்ட கணக்கின் விடையைப் பிறருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது வேறொரு வித்தை. இரண்டும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம். கணிதத்தில் மகா மேதை என்று பெயர் வாங்கிய வாத்தியார் வாயைத் திறந்ததும் பிள்ளைகள் தூங்கி விழுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கம்ப்யூட்டர் என்னும் யந்திரத்தின் சரித்திரத்திலும் இந்தத் தொல்லை ஆதி முதலே உண்டு. கண்ணை மூடித் திறப்பதற்குள் லட்சக்கணக்கான பெருக்கல்களை அது போட்டுவிடும். "சரி அப்பா, விடை என்ன? அதைக் கொஞ்சம் சொல்லு" என்றால், சொல்ல வைப்பதற்குள் மனிதனுக்குப் போதும் போதும் என்று ஆகிவிடும்.

நான் இங்கே சொல்லப் போவது யுத்தத்தின் கதை அல்ல. ராஜ வம்சத்தின் கதையும் அல்ல. ஒரு சின்னஞ்சிறு குறியின் கதை. 'இதைவிட அது பெரியது' என்று காட்டுவதற்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூர்முனைக் குறி போடுவோம் அல்லவா? அதையே இரண்டு தடவை ஒட்டிப் போட்டால் << என்று வரும். 1984-ம் வருஷம் அமெரிக்காவில் ஒரு டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் இந்தக் குறிக்கு ஒரு புது உத்தியோகம் கொடுத்தார்கள். உத்தியோகம் சின்னதுதான். ஆனால் அதைக் கொடுத்ததற்குப் பின்னால் ஒரு நியாயப் பிரச்னை இருந்தது. பந்தியில் பழைய விருந்தாளிகளுக்கு இலை போட்டாகிவிட்டது. புதிதாக ஒருவன் வருகிறான். அவனுக்கும் அதே வரிசையில் இலை போடுவதா, அல்லது திண்ணையில் உட்கார்ந்திரு என்பதா? இதுதான் பிரச்னை.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

1957-ல் ஐ.பி.எம். கம்பெனியில் ஜான் பேக்கஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 'ஃபோர்ட்ரான்' என்ற பாஷையை வெளியிட்டார்கள். சாதாரணக் கணித சூத்திரத்தைப் போலவே எழுதினால் யந்திரம் புரிந்துகொள்ளும் என்பது அதன் பெருமை. விடையைக் காகிதத்தில் அச்சடிப்பதற்கு அதில் 'ஃபார்மட்' என்ற ஒரு கட்டளை உண்டு. எண் எத்தனை இடம் பிடிக்க வேண்டும், புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம் என்பதெல்லாம் அதில் வரும். எண்ணுக்குப் பக்கத்தில் 'மொத்தம்' என்று ஒரு வார்த்தை அச்சாக வேண்டுமானால், அந்த வார்த்தையில் எத்தனை எழுத்து என்று மனிதன் விரல் விட்டு எண்ணி, அந்தத் தொகையை முன்னால் எழுதி, அதற்குப் பிறகு வார்த்தையை எழுத வேண்டும். ஓர் எழுத்துக் குறைத்து எண்ணிவிட்டால் வந்தது வினை. சூரியனுக்கு ராக்கெட் விடக்கூடிய யந்திரத்துக்கு எழுத்து எண்ணிக் கொடுக்க ஒரு மனிதன் வேண்டியிருந்தது.

மூன்று வருஷம் கழித்து, 1960-ல், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமிருந்து 13 அறிஞர்கள் சேர்ந்து 'ஆல்கால்' என்ற பாஷையை வகுத்தார்கள். இலக்கண சுத்தத்தில் அதை மிஞ்ச ஆள் கிடையாது என்று இன்றும் சொல்வார்கள். ஆனால் அந்த அறிக்கையை எவ்வளவு புரட்டினாலும், விடையை வெளியே சொல்வது எப்படி என்பதற்கு ஒரு விதிகூட அகப்படாது. அந்தப் பொறுப்பை அந்தந்த யந்திரத்துக்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். சகல சாஸ்திரமும் படித்த ஒரு பண்டிதர். ஆனால் பிறவி ஊமை. ஆல்கால் அப்படித்தான் பிறந்தது.

இப்போது நியூ ஜெர்ஸி மாகாணத்தில் மர்ரே ஹில் என்ற இடத்துக்குப் போவோம். ஏ.டி. அண்டு டி. டெலிபோன் கம்பெனியின் 'பெல்' ஆராய்ச்சிச் சாலை அங்கே இருந்தது. டெலிபோன் கம்பெனியின் பணத்தில் டெலிபோனுக்குச் சம்பந்தம் இல்லாத எத்தனையோ அற்புதங்கள் அங்கே நடந்தன. 1970-களின் தொடக்கத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி என்ற இருவர் 'யுனிக்ஸ்' என்ற ஆட்சி அமைப்பையும், அதையொட்டி 'ஸி' என்ற பாஷையையும் உண்டாக்கினார்கள். பெயர் ஓரெழுத்துத்தான். ஆனால் இன்று உலகத்தில் ஓடும் யந்திரங்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு விதத்தில் அதற்குக் கடன்பட்டவை என்று சொன்னால் ஆட்சேபிக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

ஸி பாஷையில் விடை சொல்லும் வேலையை 'பிரிண்ட்-எஃப்' என்ற காரியஸ்தர் கவனித்துக்கொண்டார். இவர் வேலை செய்யும் முறை நமக்குப் புதிதல்ல. கோயில் நன்கொடைக்கு அச்சடித்த ரசீது வைத்திருப்பார்கள்: 'திரு ........ அவர்களிடமிருந்து ரூபாய் ........ பெற்றுக்கொண்டோம்.' இடையிடையே காலி இடம். பிரிண்ட்-எஃப்பிடம் அப்படி ஒரு படிவத்தை முதலில் கொடுக்க வேண்டும். காலி இடம் ஒவ்வொன்றிலும் சதவிகிதக் குறியும் ஓர் எழுத்தும் இருக்கும். 'இங்கே முழு எண் வரும்', 'இங்கே வார்த்தை வரும்' என்பது அதன் அர்த்தம். பிறகு, நிரப்ப வேண்டிய சமாசாரங்களை வரிசையாகக் கையில் கொடுத்தால் அவர் நிரப்பிக் கொடுத்துவிடுவார். சுருக்கமான முறை, சௌகரியமான முறை, பார்த்தால் எப்படி அச்சாகும் என்று உடனே தெரியும் முறை.

ஆனால் காரியஸ்தருக்குக் கண் தெரியாது. அதுதான் குறை. கையில் கொடுத்தது எண்ணா, வார்த்தையா என்று அவர் பார்ப்பதில்லை. படிவம் என்ன சொல்கிறதோ அதை வேத வாக்காக நம்புவார். ரூபாய்க்கு உரிய இடத்தில் தவறிப்போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டால், அந்தப் பெயர் யந்திரத்தின் ஞாபகத்தில் எந்த விலாசத்தில் இருக்கிறதோ அந்த விலாசத்தின் இலக்கத்தையே ரூபாயாக எழுதிவிடுவார். பெயருக்கு உரிய இடத்தில் ரூபாயைக் கொடுத்தாலோ, அந்தத் தொகையையே விலாசமாக எண்ணிக்கொண்டு, ஊர் பேர் தெரியாத இடத்தில் போய்க் கதவைத் தட்டுவார். சாதாரணமாக அதோடு புரோகிராம் பிராணனை விட்டுவிடும்.

இதைவிடப் பெரிய குறை இன்னொன்று. பிரிண்ட்-எஃப்புக்குத் தெரிந்த சாதிகள் இவ்வளவுதான் என்று அவரைப் படைத்தவர்கள் கணக்குப் போட்டு வைத்துவிட்டார்கள். முழு எண், பின்ன எண், எழுத்து, வார்த்தை என்று ஒரு சிறு ஜாபிதா. அதில் இல்லாதவனை அவர் உள்ளே சேர்க்க மாட்டார். ஸி பாஷையில் மட்டும் புரோகிராம் எழுதிய வரையில் இது அவ்வளவாக உறுத்தவில்லை. ஏனென்றால், புதுச் சாதிகளை உண்டுபண்ணுவதை யாரும் ஒரு தொழிலாகக் கொள்ளவில்லை.

அந்தத் தொழில் நார்வே தேசத்தில் பிறந்தது. 1960-களில் ஆஸ்லோ நகரத்தில் கிரிஸ்டன் நிகார்டு, ஓலே-யோஹான் டால் என்ற இரு நண்பர்கள் 'ஸிமுலா' என்ற பாஷையை அமைத்தார்கள். உலகத்தில் நடக்கும் காரியங்களை யந்திரத்துக்குள் நாடகமாக நடத்திப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. நாடகம் என்றால் பாத்திரங்கள் வேண்டும். கப்பல் என்று ஒரு பாத்திரம், வாடிக்கைக்காரன் என்று ஒரு பாத்திரம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சொந்தமான குணங்களும், அது செய்யத்தக்க செயல்களும் ஒரே இடத்தில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். இப்படிப் பாத்திரத்தின் இலக்கணத்தை எழுதி வைப்பதற்கு 'கிளாஸ்' என்று பெயர்; நாம் 'வகுப்பு' என்போம். புரோகிராம் எழுதுகிறவன் தனக்கு வேண்டிய வகுப்பைத் தானே படைத்துக்கொள்ளலாம்.

1970-களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு டென்மார்க்கு இளைஞர் இந்த ஸிமுலாவில் மனத்தைப் பறிகொடுத்தார். பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் என்பது அவர் பெயர். எழுதுவதற்கு ஸிமுலா ஆனந்தமாக இருந்தது. ஆனால் எழுதியதை ஓட விட்டாலோ ஆமை வேகம். வேறு வழியில்லாமல், பெரும் பிரயாசைப்பட்டு, வகுப்பு கிகுப்பு எதுவும் இல்லாத 'பி.ஸி.பி.எல்.' என்ற பாஷையில் எல்லாவற்றையும் திரும்ப எழுதினார். வேகம் வந்தது, நிம்மதி போயிற்று. இப்படி ஓர் அவஸ்தை இனி வேண்டாம் என்ற வைராக்கியத்தோடு 1979-ல் பெல் ஆராய்ச்சிச் சாலைக்கு வந்து சேர்ந்தார். ஸி பாஷையின் வேகத்தையும் ஸிமுலாவின் வகுப்புகளையும் ஒன்றுசேர்த்துக் 'வகுப்புகள் கூடிய ஸி' என்று அந்த வருஷமே ஒன்றை ஆரம்பித்தார். 1983-ல் அதற்கு 'ஸி பிளஸ் பிளஸ்' என்று பெயர் வந்தது. ரிக் மாஸிட்டி என்ற சகா வைத்த பெயர் அது. ஸி பாஷையில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டால், ஒன்று கூட்டு என்று அர்த்தம். 'ஸியைவிட ஒரு படி மேல்' என்பது சிலேடை.

சிலேடை என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரே சொல் இடத்துக்கு ஏற்ப இரண்டு பொருள் தருவது தமிழனுக்குப் பால் குடிக்கும் வயசிலேயே தெரிந்த சங்கதி. 'ஆறு' என்றால் எண்ணா, நதியா என்று நாம் மயங்குவதில்லை. அக்கம்பக்கத்துச் சொற்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். ஸ்ட்ரௌஸ்ட்ரப் தம் பாஷையிலும் குறிகளுக்கு இந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தார். கூட்டல் குறி முழு எண்ணையும் கூட்டும், பின்னத்தையும் கூட்டும். இரண்டையும் யந்திரம் வெவ்வேறு விதமாகத்தான் கூட்டுகிறது. ஆனாலும் குறி ஒன்றே. அப்படியானால் நான் படைத்த வகுப்புக்கும் அதே குறி ஏன் பயன்படக் கூடாது? எஞ்சினீயர்களுக்குக் 'கலப்பு எண்' என்று ஒரு சரக்கு தேவைப்படும். அதை ஒரு வகுப்பாகப் படைத்து, 'இரண்டு கலப்பு எண்களுக்கு நடுவே கூட்டல் குறி வந்தால் இப்படிச் செய்' என்று ஒரு விதியும் எழுதி வைத்துவிட்டால் தீர்ந்தது. இதற்கு இங்கிலீஷில் வைத்த பெயர் 'ஓவர்லோடிங்'. கேட்கிறவர்களுக்கு நெல் மூட்டையை அளவுக்கு மீறி ஏற்றிய லாரி கண்முன் வரும். சில சமயங்களில் அது பொருத்தமான உவமை என்பதும் பின்னால் தெரிய வந்தது.

ஆக, புது விருந்தாளி பந்தியில் உட்கார்ந்தான். கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம். எல்லாவற்றிலும் அவன் பழைய எண்களுக்குச் சமம். ஆனால் பேச வேண்டிய நேரம் வந்ததும் பிரிண்ட்-எஃப் காரியஸ்தர் கையை விரித்துவிட்டார். "உன்னை எனக்குத் தெரியாது, ஜாபிதாவில் நீ இல்லை. உன்னைப் பிரித்துத் துண்டு துண்டாகக் கொடுத்தால் அச்சடித்துத் தருகிறேன்" என்றார். சாப்பாட்டில் சமத்துவம், பேச்சில் தீண்டாமை. இந்த அநியாயம் ஸ்ட்ரௌஸ்ட்ரப்புக்குப் பொறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் அவரைச் சீண்டிவிட்டது ஒரு புத்தகம். அமெரிக்க ராணுவ இலாகாவுக்காக 'அடா' என்ற பாஷையை வகுத்தவர்கள், தாங்கள் ஏன் இப்படி இப்படிச் செய்தோம் என்று 1979-ல் ஒரு விளக்கம் எழுதியிருந்தார்கள். அதன் கடைசி ஒன்றரைப் பக்கத்தில் ஒரு வாதம். சுருக்கமாகவும் இருக்க வேண்டும், சாதி அறிந்து தவறில்லாமலும் நடக்க வேண்டும் என்றால், விடை சொல்லும் வேலைக்கென்று பாஷையிலேயே தனி விதி வைத்தாக வேண்டும். சாதாரண வசதிகளைக் கொண்டு அது சாத்தியம் இல்லை என்பது அந்த வாதத்தின் சாரம். 'முடியாது' என்ற சொல்லுக்கு ஒரு சக்தி உண்டு. முடியும் என்பதை நிரூபிக்க ஒருவரை அது எழுப்பி விட்டுவிடுகிறது. ஸ்ட்ரௌஸ்ட்ரப் அந்த ஒன்றரைப் பக்கத்தைச் சவாலாக எடுத்துக்கொண்டார்.

முதலில் தோன்றுகிற வழி சுலபமானது. 'போடு' என்று ஒரே பெயரில் பல காரியஸ்தர்களை நியமிப்பது. எண்ணுக்கு ஒரு 'போடு', வார்த்தைக்கு ஒரு 'போடு', கலப்பு எண்ணுக்கு ஒரு 'போடு'. கொடுத்த பொருளின் சாதியைப் பார்த்து உரிய ஆளைக் கம்பைலரே அனுப்பி வைக்கும். சாதிக் குழப்பம் தீர்ந்தது. ஆனால் 'விடை = 5' என்று ஒரு வரி அச்சடிக்க மூன்று தடவை 'போடு, போடு, போடு' என்று எழுத வேண்டும். பிரிண்ட்-எஃப்பின் ஒரு வரிக்குப் பழகியவன் இதைத் திரும்பிப் பார்ப்பானா?

இந்த இடத்தில் டக்ளஸ் மக்கில்ராய் என்ற பெரியவர் கதைக்குள் வருகிறார். பெல் ஆராய்ச்சிச் சாலையில் யுனிக்ஸ் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாய்களை ஒன்றோடொன்று திருகி மாட்டுவதுபோல் புரோகிராம்களையும் மாட்ட வேண்டும் என்று 1964-லேயே ஒரு குறிப்பு எழுதி வைத்தவர். 1973-ல் தாம்ஸன் அதை யுனிக்ஸில் நிறைவேற்றினார். யுனிக்ஸில் கட்டளை எழுதும்போது கூர்முனைக் குறி ஒன்றைப் போட்டால், வருகிற விடை திரைக்குப் போகாமல் ஒரு கோப்புக்குள் போய்விழும். குறியின் முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தண்ணீர் பாயும். இதைப் பார்த்துப் பழகிய மக்கில்ராய், "காரியஸ்தருக்குப் பெயர் எதற்கு? ஒரு குறியை வைத்துக்கொள்ளலாமே!" என்ற பொருளில் ஸ்ட்ரௌஸ்ட்ரப்புக்கு யோசனை சொன்னார்.

யோசனை சரி, எந்தக் குறி? கல்யாணத்துக்குப் பெண் பார்த்த கதைதான். முதலில் சமக் குறியைப் பார்த்தார்கள். அது வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக வேலை செய்யும் குறி. வரிசையாக மூன்று பொருளைக் கொடுத்தால், கடைசிப் பொருளை முதலில் எடுத்து நடுப் பொருளுக்குள் திணித்துவிடும். மேலும், உள்ளே வாங்குவதற்கும் வெளியே விடுவதற்கும் ஒரே குறி என்பது பலருக்குப் பிடிக்கவில்லை. அந்த வரன் தட்டிப்போயிற்று. அடுத்தது ஒற்றைக் கூர்முனை. 'சிறியது, பெரியது' என்ற அர்த்தம் மனிதர்கள் மூளையில் ஆணியடித்தாற்போல் இறங்கியிருந்ததால், புரோகிராமைப் படித்த யாருக்கும் தலைகால் புரியவில்லை. போதாக்குறைக்கு, டைப் அடிக்கும் பலகையில் அந்தக் குறியும் கால்புள்ளியும் ஒரே சாவியில் குடியிருந்தன. விரல் தவறிக் கால்புள்ளி விழுந்துவிடும். தவறு எங்கே என்று கம்பைலராலும் ஒழுங்காக எடுத்துச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் இரட்டைக் கூர்முனை அகப்பட்டது. ஸி பாஷையில் அதற்கு ஏற்கெனவே ஓர் உத்தியோகம் உண்டு. ஓர் எண்ணை யந்திரம் பூஜ்யமும் ஒன்றுமாக எழுதி வைத்திருக்கும் அல்லவா? அந்த வரிசை முழுவதையும் இடப்பக்கமாக நகர்த்துவது அதன் வேலை. அந்தரங்கமான வேலை, அடிக்கடி வராத வேலை. ஆகையால் ஜனங்கள் மனத்தில் அந்த அர்த்தம் ஆழமாகப் பதியவில்லை. அது இடமிருந்து வலமாக வேலை செய்யும். கூட்டல் பெருக்கலுக்கு வழிவிட்டுப் பின்னால் நிற்கும். ஆகவே அடைப்புக் குறி போடாமலே இரண்டு எண்ணைக் கூட்டி அந்தத் தொகையை அச்சடிக்கலாம். பொருள்கள் யாவும் முனை காட்டும் திசையில் பாய்வதுபோல் கண்ணுக்கும் தோன்றும். ஜாதகப் பொருத்தம் பத்துக்கு எட்டு என்று வைத்துக்கொள்ளலாம். மீதி இரண்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

விடைகள் பாய்கிற வழிக்கு 'ஸ்ட்ரீம்' என்று பெயர் வைத்தார் ஸ்ட்ரௌஸ்ட்ரப். நம் பாஷையில் ஓடை. ஓடையின் பெயரை இடப்பக்கம் எழுதி, இரட்டைக் கூர்முனை போட்டு, வலப்பக்கம் பொருளை எழுதினால், பொருள் ஓடையில் விழும். அதோடு நின்றால் ஒரு பொருளைத்தான் விடலாம். இங்கேதான் ஒரு யுக்தி. பொருளை வாங்கிக்கொண்ட பிறகு அந்தக் காரியஸ்தர் சும்மா போய்விடுவதில்லை. அதே ஓடையைத் திரும்ப நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். தபால்காரர் ஒரு கடிதத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பையை விரித்தபடியே வாசலில் நிற்பதுபோல. அடுத்த கூர்முனை, அடுத்த பொருள், மறுபடியும் ஓடை. 'விடை =' என்ற வார்த்தை, அதன் பின் எண், அதன் பின் வரி முடிவு என்று ஒரே வரியில் சங்கிலியாகக் கோத்துவிடலாம். கொடுப்பது ஓடையின் நகலாக இருக்கக் கூடாது. அதே ஓடையாக இருக்க வேண்டும். நகலைக் கொடுத்தால் தண்ணீர் வேறு வாய்க்காலில் போய்விடும்.

இப்போது நம் புது விருந்தாளிக்கு வருவோம். கலப்பு எண்ணைப் படைத்தவன் என்ன செய்ய வேண்டும்? 'இடப்பக்கம் ஓடையும் வலப்பக்கம் கலப்பு எண்ணும் இருந்து, நடுவில் இரட்டைக் கூர்முனை வந்தால் இதைச் செய்' என்று நாலு வரி எழுத வேண்டியதுதான். அந்த நாலு வரிக்குள் அவன் எழுதுவதும் பெரிய மந்திரம் அல்ல. அடைப்புக் குறி, முதல் எண், கால்புள்ளி, இரண்டாவது எண், அடைப்புக் குறி என்று ஓடைக்கு ஏற்கெனவே தெரிந்த பொருள்களாகக் கோத்துவிட்டு, ஓடையைத் திருப்பித் தருகிறான். அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து கலப்பு எண்ணும் சாதாரண எண்ணும் வார்த்தையும் ஒரே சங்கிலியில் தோளோடு தோள் உரசி நிற்கும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு யார் பழையவன், யார் புதியவன் என்ற பேதம் தெரியாது.

இதில் இன்னொரு நயம் உண்டு. இந்த விதியை எங்கே எழுதுவது? இடப்பக்கம் நிற்பது ஓடை. ஆகவே ஓடையின் வீட்டுக்குள்ளேதான் எழுத வேண்டும் என்று ஏற்பட்டிருந்தால், ஒவ்வொரு புது வகுப்புக்காரனும் ஓடையைக் கட்டியவரிடம் போய், "ஐயா, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று மனுப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். கம்பைலர் விற்கிற கம்பெனி எந்தக் காலத்தில் மனுவைப் பார்த்தது? அதனால் இந்த விதி ஓடைக்குள்ளும் இல்லை, வகுப்புக்குள்ளும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில், தெருவில் நிற்கிறது. தெருவில் நிற்கிறவனுக்கு வகுப்பின் அந்தரங்க அறையைத் திறந்து பார்க்க அதிகாரம் இல்லையே என்று கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. 'இவன் என் சிநேகிதன். உள்ளே விடலாம்' என்று வகுப்பே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடலாம். அந்தச் சொல்லே 'சிநேகிதன்' என்பதுதான். கணித பாஷைகளில் இவ்வளவு மனுஷத்தன்மையுள்ள வார்த்தை வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

1985-ம் வருஷம் அக்டோபரில் ஸி பிளஸ் பிளஸ் கடைத்தெருவுக்கு வந்தது. ஸ்ட்ரௌஸ்ட்ரப் எழுதிய புத்தகமும் வந்தது. ஓடையும் கூடவே வந்தது. 1989-ல் வெளியான இரண்டாவது பதிப்புக்காக ஜெர்ரி ஷ்வார்ட்ஸ் என்பவர் ஓடையைத் திருத்திக் கட்டினார். ஆண்ட்ரூ கேனிக் என்ற சகா சொன்ன ஒரு யோசனையை அவர் சேர்த்துக்கொண்டார். அச்சடிக்க வேண்டிய பொருளோடு, 'இனி இப்படி அச்சடி' என்ற உத்தரவையும் சங்கிலியிலேயே கோப்பது என்பதே அந்த யோசனை. ஷ்வார்ட்ஸுக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. புரோகிராமின் பல பகுதிகள் விழித்து எழும்போது, ஓடை கட்டி முடிவதற்கு முன்பே ஒரு பகுதி பேச ஆரம்பித்துவிட்டால் என்ன கதி? அதற்கு அவர் செய்த ஏற்பாடு நம் வீட்டு வழக்கம் போன்றதுதான். முதலில் வருகிறவர் விளக்கை ஏற்ற வேண்டும். கடைசியில் போகிறவர் அணைக்க வேண்டும். நடுவில் வருகிறவர்கள் தலையை எண்ணிக்கொண்டால் போதும். அந்த எண்ணிக்கைக்கு இன்றும் அவர் பெயர்தான் வழங்குகிறது. 1998-ல் சர்வதேசத் தர நிர்ணயம் ஏற்பட்டபோது ஓடையும் சட்டபூர்வமான அந்தஸ்துப் பெற்றது.

சரி, பொருந்தாத இரண்டு பொருத்தங்கள்?

முதலாவது, குறிக்குப் புது அர்த்தம் கொடுக்கலாமே தவிர, பந்தியில் அதன் இடத்தை மாற்ற முடியாது. கூட்டலுக்குப் பின்னால் நிற்கிறது என்பது சௌகரியம். ஆனால் 'சிறியதா, பெரியதா' என்று ஒப்பிடும் குறிகளுக்கு அது முன்னால் நிற்கிறது. இரண்டு எண்ணை ஒப்பிட்டு விடையை அச்சடிக்க நினைத்து அடைப்புக் குறியை மறந்துவிட்டால், முதல் எண்ணை ஓடையில் விட்டுவிட்டு, அப்புறம் ஓடையையே இரண்டாவது எண்ணோடு ஒப்பிடப் போய்விடும். பழைய உத்தியோகத்தின் வாசனை புது உத்தியோகத்திலும் விடவில்லை.

இரண்டாவது குறை தமிழர்களாகிய நமக்கு நன்றாகப் புரியக்கூடியது. சங்கிலியாகக் கோக்கும்போது ஒரு வாக்கியம் துண்டு துண்டாகச் சிதறிவிடுகிறது. 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்பதை இங்கிலீஷ்காரன் 'முடியவில்லை, திறக்க, கோப்பை' என்ற வரிசையில் சொல்வான். நமக்கோ வினைச்சொல் கடைசியில்தான் வரும். படிவமாக இருந்தால், மொழிபெயர்ப்பவர் முழு வாக்கியத்தையும் பார்த்துக் காலி இடத்தைத் தமிழுக்கு ஏற்றபடி நகர்த்திக்கொள்வார். சங்கிலியிலோ பொருள்களின் வரிசை புரோகிராமுக்குள்ளேயே இறுகிவிட்டது. மொழிபெயர்ப்பவருக்குக் கிடைப்பது தலையில்லாத ஒரு துண்டும் வாலில்லாத ஒரு துண்டும்தான். யந்திரங்கள் சில சமயம் பேசுகிற விசித்திரத் தமிழுக்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்க்கட்சியும் கிளம்பிற்று. கூட்டல் குறியைக் கழிக்க உபயோகிப்பதுபோன்ற விபரீதங்களைச் சிலர் செய்யத் தொடங்கினார்கள். லாரியில் பாரம் ஏறிக்கொண்டே போயிற்று. 1995-ல் 'ஜாவா' என்ற பாஷையை வெளியிட்ட ஜேம்ஸ் காஸ்லிங், ஸி பிளஸ் பிளஸில் கண்ட இந்த அத்துமீறல்களைக் காரணம் காட்டி, குறிகளுக்குப் புது அர்த்தம் கொடுக்கும் உரிமையையே எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு வகுப்பும் தன்னைத் தானே ஒரு வார்த்தையாக மாற்றித் தந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. கண்ணியமான ஏற்பாடுதான். ஆனால் வார்த்தையோடு வார்த்தையை ஒட்டக் கூட்டல் குறியை உபயோகிக்கும் சலுகையை மட்டும் ஜாவா தனக்கென்று வைத்துக்கொண்டது. ஊருக்குத்தான் உபதேசம்! 'பைத்தான்' என்ற பாஷையோ 2000-ல் அச்சடிக்கும் கட்டளையில் ஓர் இரட்டைக் கூர்முனையைக் கடன் வாங்கியது. 2008-ல் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இதற்கிடையில் கண் தெரியாத பழைய காரியஸ்தரைப் பற்றி ஒரு பயங்கர ரகசியம் வெளியாயிற்று. 1999-லும் 2000-லும், உலகத்தின் பல யந்திரங்களில் திருடர்கள் அவர் மூலமாகவே உள்ளே புகுந்தார்கள். சில புரோகிராம்களில், வெளியார் எழுதி அனுப்பிய வாக்கியத்தையே படிவமாக அவர் கையில் கொடுக்கும் அசட்டுத்தனம் இருந்தது. திருடன் அந்த வாக்கியத்தில் சதவிகிதக் குறிகளை வேண்டுமென்றே தூவி அனுப்புவான். காரியஸ்தர் ஐயோ பாவம், 'நிரப்பச் சொல்கிறார்கள்' என்று யந்திரத்தின் ஞாபகத்தில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் எடுத்து அவனுக்குப் படித்துக் காட்டுவார். ஒரு தனிக் குறியைச் சேர்த்துவிட்டால் ஞாபகத்தை மாற்றியும் எழுதிவிடுவார். படிவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்று 1984-ல் சொன்னது வெறும் இலக்கணப் பிடிவாதம் அல்ல என்பது அப்போது உறைத்தது.

முடிவில் என்ன ஆயிற்று? 2020-ம் வருஷத்துத் தர நிர்ணயத்தில் ஸி பிளஸ் பிளஸுக்குள் படிவம் திரும்ப வந்தது. 2023-ல் அச்சடிக்கும் புதுக் கட்டளையும் சேர்ந்தது. ஓடை தோற்றுவிட்டதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். திரும்பி வந்த படிவம் பழைய படிவம் அல்ல. கண் திறந்த படிவம். கொடுத்த பொருளின் சாதியைக் கம்பைலரே முன்கூட்டிப் பார்த்துத் தவறு இருந்தால் தடுத்து நிறுத்துகிறது. காலி இடங்களுக்கு இலக்கம் போட்டிருப்பதால் மொழிபெயர்ப்பவர் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், புதிதாக ஒரு வகுப்பைப் படைத்தவன், தன் வகுப்பு அச்சாகும் முறையைத் தானே எழுதிச் சேர்க்கலாம். யாரிடமும் மனுப் போட வேண்டாம். குறி போனாலும் கொள்கை நின்றுவிட்டது. புதியவனுக்கும் அதே வரிசையில் இலை.

இரட்டைக் கூர்முனையும் போய்விடவில்லை. கோடிக்கணக்கான வரிகளில் இன்னமும் ஓடைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது. பழைய உத்தியோகத்தையும் அது விடவில்லை. இடப்பக்கம் நிற்பவர் யார் என்று பார்க்கிறது. எண்ணாக இருந்தால் பூஜ்யத்தையும் ஒன்றையும் நகர்த்துகிறது; ஓடையாக இருந்தால் வலப்பக்கத்தில் நிற்பவனைப் பேச வைக்கிறது. ஆபீஸில் அதிகாரியாகவும் வீட்டில் தகப்பனாராகவும் ஒரே மனிதர் இருக்கவில்லையா? எதிரே நிற்பவர் யார் என்று அறிந்து நடந்துகொள்ளத் தெரிந்தால், இரண்டு வேலை ஒன்றும் பாரம் அல்ல.